பூட்டில்லாத தையல்

ஏரிக்கரைக் காட்டில் நூலாயி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். கட்டைவிரல் பருமன்தான் உடம்பு. அலகு ஊசி மாதிரி. அந்த அலகால் இலையில் துளை போட்டு, இலவம்பஞ்சைத் திரித்து நூலாக்கி, இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவது அவள் குலத்தின் வழக்கம்.

போன கார்த்திகையில் மழை ஐந்து நாள் விடாமல் கொட்டியது. தையல் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிற்று. கூடு நனைந்து, கனத்து, அடி பிரிந்து போயிற்று. உள்ளே இருந்த இரண்டு முட்டைகளும் ஏரியில் விழுந்தன. நூலாயி அந்தக் கிளையை விட்டு நகரவில்லை. அவள் கணவன் தும்பனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு அவளுக்கு ஒரே யோசனைதான். துளை போடாமல் தைக்க முடியாது. துளை போட்டால் தண்ணீர் இறங்கும். என்ன செய்வது?

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் தைத்துத் தைத்துப் பிரித்தாள். ஒருநாள் கரையில் ஒதுங்கிக் கிடந்த கெண்டை மீன் ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஒரு செதிலின் அடியை அடுத்த செதில் மூடியிருந்தது. வால் வரைக்கும் அப்படித்தான். நூலாயி வீட்டுக்கு வந்து இலைகளை அதே மாதிரி அடுக்கித் தைத்தாள். ஒவ்வொரு துளையும் மேல் இலையின் நுனிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. ஓரத்தில் ஒரு சுருக்கு முடிச்சும் வைத்தாள். கூரையில் தண்ணீர் தேங்கினால் அந்தச் சுருக்கை இழுத்துவிட்டால் போதும். கூரை ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீர் வழிந்துவிடும்.

சித்திரையில் கோடை மழை அடித்தது. கூட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

முதலில் வந்து கேட்டவள் கீரி சாம்பலி. மருத மரத்து வேர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் அவள் குடியிருந்தாள். மேலே கூரை என்று ஒன்றும் கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

"நூலாயி, உன் வீடு மட்டும் எப்படி நனையாம இருக்கு?" என்று கேட்டாள்.

"பக்கத்திலே வந்து பாரு அக்கா. ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டறேன்."

சாம்பலி பார்த்தாள். "இதைச் சொல்லிக் குடுக்க நான் உனக்கு என்ன தரணும்?"

"ஒண்ணும் தர வேண்டாம். இதுக்குப் பேரு மழைத்தையல். எப்படிப் போட்டிருக்குன்னு நல்லா பாத்துக்கோ. உன் வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ. கேக்கறவங்களுக்கு நீயும் சொல்லிக் குடு. புதுசா ஏதாவது கண்டுபிடிச்சா அதை மட்டும் மறைச்சு வச்சுக்காதே. எங்களுக்கும் சொல்லு."

சாம்பலி பல்லால் துளை போட்டு, நகத்தால் நூல் கோத்து, எட்டு நாளில் தன் பள்ளத்துக்குக் கூரை போட்டாள். அவளிடமிருந்து முயல் கற்றுக்கொண்டது. முயலிடமிருந்து காட்டுக்கோழி கற்றுக்கொண்டது. அணில் வரியன் முன்னங்கைகள் இரண்டாலும் இலையைப் பிடித்துக்கொண்டு தைத்தான். இலைக் காம்பை உள்பக்கம் மடித்துவிட்டால் காற்றுக்குத் தூக்காது என்று கண்டுபிடித்தது அவன்தான். அதை நூலாயியிடம் ஓடி வந்து சொன்னான். அவளும் தன் கூட்டைப் பிரித்து, காம்பை மடித்து, மறுபடி தைத்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தன் தையல் தன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக வளர்கிறதே என்று தும்பனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

புரட்டாசி முடியும்போது அவர்கள் கூட்டில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன.

அடைமழைக்குச் சில வாரங்களே இருந்தன. காடு முழுக்கக் கூரை வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நூலாயியைத்தான் கூப்பிட்டார்கள்.

"நூலாயி, என் தையல் பிரிஞ்சு போச்சு. ஒரு நடை வந்து பாரேன்."

"நூலாயி, எனக்கு இந்தச் சுருக்கு மட்டும் விழவே மாட்டேங்குது."

"நூலாயி, எங்க கூட்டத்துக்கு அறுபது பரண் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூரை வேணும்," என்றாள் குரங்குகளின் தலைவி கடம்பி. "நீ வந்து நின்னாத்தான் இதுங்க ஒழுங்கா வேலை செய்யும்."

நூலாயிக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. விடிந்ததும் கிளம்புவாள். இருட்டும்போது திரும்புவாள். போகிற இடமெல்லாம் அவளைப் புகழ்ந்தார்கள். நீ மகராசி என்றார்கள். உன்னால்தான் இந்தக் காடே நனையாமல் இருக்கிறது என்றார்கள். யாரும் ஒரு புழுவைக் கொடுத்து அனுப்பவில்லை. அது கெட்ட எண்ணத்தால் அல்ல. அவளுக்கும் பசிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்று குஞ்சுகளுக்கும் தும்பன் ஒருவனே இரை தேடினான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை அது. அவனுடைய நெஞ்செலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. அப்படியும் குஞ்சுகளுக்குப் போதவில்லை. பெரியது இரண்டும் முண்டியடித்து வாயைத் திறந்து வாங்கிக்கொண்டன. கடைசிக் குஞ்சுக்கு மிச்சம்தான்.

ஒருநாள் மத்தியானம் நூலாயி கொஞ்சம் சீக்கிரமாக வந்தாள். வழியில் கிடைத்த ஒரு சின்னப் புழுவை அலகில் வைத்திருந்தாள். கூட்டின் ஓரத்தில் அமர்ந்ததும் இரண்டு வாய்கள் திறந்தன. மூன்றாவது திறக்கவில்லை. கடைசிக் குஞ்சு கண்ணை மூடியபடி, கழுத்தை அண்ணன் முதுகில் சாய்த்துக் கிடந்தது. நூலாயி அதன் அலகைத் தன் அலகால் தட்டினாள். அது மெல்லத் திறந்தது, மறுபடி மூடிக்கொண்டது. சத்தம் வரவில்லை.

"காலையிலேருந்து இப்படித்தான் இருக்கான்," என்றான் தும்பன். "நான் ரெண்டு தடவை வாயிலே வச்சுப் பார்த்தேன். முழுங்கத் தெம்பு இல்லே."

நூலாயி புழுவைத் தன் அலகிலேயே நசுக்கிக் கூழாக்கி, துளித்துளியாக ஊட்டினாள். வெகுநேரம் கழித்து அது ஒரு துளியை விழுங்கியது.

"நாளைக்கு எங்கேயும் போகாதே," என்றான் தும்பன்.

"நாளைக்கு முயலோட கூரை பாக்கி இருக்கு. குட்டி போடற நேரம் அதுக்கு."

"நமக்கும்தான் குட்டி இருக்கு, நூலாயி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

இதையெல்லாம் மேல் கிளையிலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கரிச்சான். கருகருவென்ற உடம்பு, இரட்டை வால், எந்தப் பறவையின் குரலையும் அப்படியே பேசும் வாய். அவன் மெதுவாகக் கீழே இறங்கி வந்தான்.

"தங்கச்சி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே. ஊருக்கே கூரை போட்டுட்டு உன் பிள்ளையைப் பட்டினி போடறே. உன் தப்பு என்ன தெரியுமா? எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டிட்டே. தெரிஞ்சுபோன வித்தைக்கு எவன் இரை குடுப்பான்?"

"இனிமே என்ன பண்ண முடியும் அண்ணே? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே."

"பழசு போகட்டும். புதுசா ஒரு தையல் போடு. இதைவிட நல்லதா, அழகா, ரெண்டு அடுக்கா. முடிச்சையெல்லாம் உள்ளே மறைச்சு, மேலே மரப் பிசினைப் பூசிடு. எப்படிப் போட்டிருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது. ஓரத்திலே அந்தச் சுருக்கு வேண்டவே வேண்டாம். இழுக்கணும், தளர்த்தணும், பிரிக்கணும்னா உன்னைத்தான் கூப்பிடணும். ஒவ்வொரு தடவைக்கும் நாலு புழு. நானே காடெல்லாம் போய்ச் சொல்லி ஆள் பிடிச்சுத் தரேன். பாதி எனக்கு."

நூலாயி தும்பனைப் பார்த்தாள்.

"நீ எதையும் ஒளிச்சு நான் பார்த்ததில்லே," என்றான் தும்பன்.

"எனக்கும் பிடிக்கலே. ஆனா இவனைப் பாரு," என்று கடைசிக் குஞ்சைக் காட்டினாள்.

அப்படித்தான் பூட்டுத்தையல் வந்தது. பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. பிசின் வெயிலில் தேன் மாதிரி மின்னியது. கரிச்சான் மயில் குரலிலும் கிளிக் குரலிலும் அதைக் காடெங்கும் கூவினான். "ரெண்டு அடுக்கு. காத்துக்கும் அசையாது. இனிமே நீங்க கையே வைக்க வேண்டாம். எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

கடம்பியின் கூட்டம் முதலில் பத்துப் பரணுக்கு வாங்கிக்கொண்டது. சாம்பலிக்கு அப்போது இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. குட்டிகளுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று அவளும் பழைய கூரையை எடுத்துவிட்டுப் புதுசு போடச் சொன்னாள். நாலு புழுக்களை வாழை மட்டையில் வைத்து மரியாதையாகக் கொண்டு வந்து கொடுத்தாள்.

குஞ்சுகள் தேறின. மூன்றே நாளில் கடைசிக் குஞ்சு அண்ணன்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாயைத் திறந்தது. ஐந்தாம் நாள் அது போட்ட கூச்சலில் தும்பன் சிரித்தே விட்டான். நூலாயி அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருந்தாள். வேறு எந்தப் பாட்டும் அவள் காதுக்கு அவ்வளவு இனித்ததில்லை.

ஆனால் ஒன்று குறைந்துபோயிற்று. யாரும் இப்போது அவளிடம் எதையும் சொல்ல ஓடி வரவில்லை. 'இந்தக் காம்பை இப்படி மடிச்சுப் பாரேன்', 'இந்த இலை தேறாது, புரச இலை போடு' என்கிற பேச்சே இல்லை. புழுவைக் கொடுத்தார்கள், தையலை வாங்கிக்கொண்டார்கள், போனார்கள்.

வரியன் மட்டும் ஒருநாள் வந்தான். அவன் கையில் பழுப்பு நிறத்தில் ஒரு நூல் இருந்தது.

"அக்கா, இலவம்பஞ்சு நூல் நனைஞ்சா சுருங்குது. என் வீட்டிலே பார்த்தேன். கூரையோட நடுவிலே குழி விழுது. நான் சுருக்கை இழுத்துவிட்டுத் தண்ணியை வடிச்சுட்டேன், தப்பிச்சேன். இது ஆல விழுதோட நார். ராத்திரியெல்லாம் தண்ணியிலே போட்டு வச்சேன். கொஞ்சம்கூடச் சுருங்கலே."

நூலாயி ஆசையாக நூலை வாங்கி முறுக்கிப் பார்த்தாள்.

"உங்க புதுத் தையல்லே உள்ளே எந்த நூல் போட்டிருக்கீங்க? எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை காட்டினா, எங்கே இந்த நாரை வைக்கலாம்னு சொல்லிடுவேன்."

மேல் கிளையில் கரிச்சான் தொண்டையைச் செருமினான். நூலாயி அலகில் இருந்த நூலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அதைக் காட்டக் கூடாது வரியா."

"எனக்குக்கூடவா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரியன் நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, மரத்தை விட்டு இறங்கிப் போனான். அன்றைக்குத் தும்பன் கொண்டு வந்த இரையில் ஒரு வாய்கூட அவளுக்கு இறங்கவில்லை.

ஐப்பசி பாதி போயிற்று. வானம் இடிந்து விழுந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் எல்லோரும் கூரைக்கு அடியில் சுகமாக இருந்தார்கள். இரண்டாம் நாள் கடம்பியின் பரண்களில் கூரை தொங்க ஆரம்பித்தது. கரிச்சான் வந்து நூலாயியை ஏரிக்கு அக்கரை அழைத்துப் போனான். அவள் ஒவ்வொரு பரணாகப் பிசினைப் பெயர்த்து முடிச்சைத் தளர்த்தினாள். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது தொங்கியது.

மூன்றாம் நாள் காலையில் வரியன் மரத்துக்கு மரம் தாவி அங்கே வந்து சேர்ந்தான். முழுக்க நனைந்து, பாதி உடம்பாகச் சுருங்கியிருந்தான்.

"அக்கா, சாம்பலி வீட்டுக்கு வாங்க. சீக்கிரம்."

"இன்னும் நாலு பரண் பாக்கி இருக்கு," என்றான் கரிச்சான். "முதல்லே வந்தவங்களுக்கு முதல்லே."

"உள்ளே ரெண்டு குட்டிங்க இருக்கு," என்றான் வரியன்.

நூலாயி பறந்துவிட்டாள். வரியன் பின்னாலேயே தாவினான்.

மருத மரத்தடியில் சாம்பலி சேற்றில் புரண்டு கொண்டிருந்தாள். இரை தேடிப் போயிருந்த நேரத்தில் மேட்டிலிருந்து மண் சரிந்து அவள் வீட்டின் பக்கவாசலை மூடியிருந்தது. அவள் தோண்டத் தோண்டச் சேறு வந்து நிரம்பியது. நகமெல்லாம் ரத்தம். மேலே கூரைதான் ஒரே வழி. அந்தக் கூரையோ நூல் சுருங்கி, நடுவில் பெரிய கிண்ணம் மாதிரி குழிந்து, விளிம்பு வரை தண்ணீரோடு தொங்கியது. அடியிலிருந்து குட்டிகளின் முனகல் கேட்டது.

"கிழிச்சுடறேன் நூலாயி, நான் கிழிச்சுடறேன்," என்று சாம்பலி பாய்ந்தாள்.

வரியன் குறுக்கே விழுந்து தடுத்தான். "நடுவிலே கிழிச்சா அத்தனை தண்ணியும் குட்டிங்க தலையிலே கொட்டும். ஓரத்தைத்தான் அவிழ்க்கணும். சரிவுப் பக்கம் சாய்ஞ்சு வெளியே வழியணும்."

நூலாயி ஓரத்து முடிச்சின் மேல் அமர்ந்தாள். அவளே போட்ட முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பாள். பிசினைக் கொத்தினாள். அது கல்லாக இறுகியிருந்தது. மூன்று கொத்தில் ஒரு சிம்பு பெயர்ந்தது. உள்ளே நூல் நனைந்து இறுகி, முடிச்சு மிளகு அளவுக்குச் சின்னதாகியிருந்தது. அலகு நுழையவே இல்லை. அவள் மறுபடி மறுபடி குத்தினாள். அலகின் நுனி மழுங்கியது.

கூரையின் நடுவில் 'சர்' என்று ஒரு இலை கிழியும் சத்தம்.

"என்னாலே முடியலே," என்றாள் நூலாயி. தான் பூட்டியதைத் தன்னாலேயே திறக்க முடியவில்லை.

வரியன் அவள் பக்கத்தில் வந்து படுத்தான். "அக்கா, எனக்குப் பல்லு இருக்கு. ஆனா எங்கே கடிக்கணும்னு தெரியாது. தப்பான நூலைக் கடிச்சா மொத்தமும் உள்ளே விழும். நூல் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க."

நூலாயி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "மூணாவது இலைக்கு அடியிலே ரெண்டு நூல் போகுது. தடிச்சது தாங்கற நூல், அதைத் தொடாதே. மெல்லிசு மட்டும். சரி. இப்போ வலது பக்கம் போ. அங்கே நூல் தன்னையே ஒரு சுத்து சுத்திக்கிட்டுத் திரும்புது. திரும்பற இடத்திலே கடி. இன்னும் கொஞ்சம் கீழே. அதுதான். இனிமே அஞ்சாவது இலை."

அவள் சொல்லச் சொல்ல அவன் கடித்தான். பிசின் அவன் உதட்டைக் கிழித்தது. ஏழாவது முடிச்சு அறுந்ததும் கூரை மெல்லச் சரிவுப் பக்கம் சாய்ந்தது. தேங்கிய தண்ணீர் விளிம்பு தாண்டி, வேர்களின் மேல் ஓடி, ஏரிப் பக்கம் வழிந்து போயிற்று. சாம்பலி இலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே குதித்தாள்.

முதல் குட்டியை வாயில் கவ்வி வெளியே போட்டாள். அது தும்மியது. இரண்டாவது குட்டியைக் கொண்டு வந்தபோது அது துணி மாதிரி தொங்கியது. சாம்பலி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நக்கினாள். முகத்தை, வயிற்றை, மறுபடி முகத்தை. மழை பெய்துகொண்டே இருந்தது. நூலாயி தன் இரண்டு சிறகையும் அந்தச் சின்ன முகத்தின் மேல் விரித்துப் பிடித்தாள். அவளுடைய சிறகு எவ்வளவு மறைக்கும்? இருந்தாலும் பிடித்தாள்.

குட்டியின் வயிறு ஒரு முறை எக்கியது. கொஞ்சம் தண்ணீர் கக்கியது. பிறகு அழுதது.

மழை கொஞ்சம் விட்டது. எல்லோரும் மரத்தின் பொந்தில் ஒதுங்கியிருந்தார்கள். சாம்பலியின் வயிற்றுச் சூட்டில் குட்டிகள் தூங்கிவிட்டன.

"நீ திட்டிடு அக்கா," என்றாள் நூலாயி. "நான்தான் சுருக்கை எடுத்தேன். நான்தான் பிசின் பூசினேன். வரியன் வந்து சொன்னான், அவனையும் திருப்பி அனுப்பினேன்."

"ஏன் நூலாயி? நீ அப்படிப்பட்டவ இல்லையே."

நூலாயி எல்லாவற்றையும் சொன்னாள். வாய் திறக்காத குஞ்சைச் சொன்னாள். கூழாக்கி ஊட்டியதைச் சொன்னாள். நாலு புழுவுக்காகத்தான் பூட்டினேன் என்றாள்.

சாம்பலி குட்டிகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "என் கூரைக்கு நீ எட்டு தடவை வந்தே. எட்டு தடவையும் நான் உன்னைச் சாப்பிட்டியான்னு கேக்கலே. நான் எலி தின்னுக்கிட்டே உன்கிட்டே பேசிக்கிட்டு இருந்தேன். இப்போ நெனைச்சாக் கூசுது."

"நீங்க கேட்டிருக்கலாமே அக்கா," என்றான் வரியன் நூலாயியிடம். "எங்ககிட்டே கேட்க என்ன வெட்கம்?"

கொடுக்கும்போது இல்லாத வெட்கம் கேட்கும்போது ஏன் வந்தது என்று நூலாயிக்கே புரியவில்லை.

மழை ஓய்ந்த இரண்டு நாளும் நூலாயியும் வரியனும் பூட்டுத்தையல் போட்ட வீடு ஒவ்வொன்றாகப் போய்ப் பிசினைப் பெயர்த்தார்கள். வரியன் கொண்டு வந்த ஆல விழுது நாரைக் கோத்தார்கள். ஓரத்தில் பழையபடி சுருக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் மருத மரத்தடியில் எல்லோரையும் வரச் சொன்னாள். ஒரு கூரையைத் தலைகீழாகப் போட்டு, ஒவ்வொரு முடிச்சாகக் காட்டினாள்.

"தையல் எல்லாருக்கும் பொது," என்றாள். "பார்க்கலாம், கத்துக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். அதுக்கு யாரும் ஒண்ணும் தர வேண்டாம். ஆனா என் பகல் ஒண்ணே ஒண்ணு. நான் வந்து தைக்கணும், நான் வந்து பழுது பார்க்கணும்னா, அந்த நேரத்துக்கு என் பிள்ளைங்களுக்கு இரை வேணும். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியலே."

கூட்டத்தில் சலசலப்பு. கடம்பி முன்னே வந்தாள்.

"எனக்கு அறுபது பரண். அறுபதையும் நாங்களே பாத்துக்கறதுன்னா நடக்காது. என் கூட்டத்து ஆளுங்களுக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்கு நடுவிலே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ. தினம் ஒரு குரங்கு பட்டையைப் பெயர்த்து உன் கூட்டுப் பக்கம் புழு கொண்டு வந்து வைக்கும். மழை இருந்தாலும் இல்லாட்டாலும்."

"புது மாதிரி ஏதாவது வேணும்னா?" என்று கேட்டது காட்டுக்கோழி. "எனக்குத் தரையிலே கூரை. சரிவா வேணும்."

"உனக்குன்னு யோசிச்சுப் போட்டுத் தரேன். அதுக்கு இரை குடு. போட்டதுக்கு அப்புறம் அதுவும் எல்லாருக்கும் பொதுதான்."

முயல் தயங்கித் தயங்கி வந்தது. "எனக்குப் புழு பிடிக்கத் தெரியாதே நூலாயி. நான் புல்லு தின்கிறவ."

"உன் வளைக்குப் பக்கத்திலே இலவமரம் இருக்கே. கீழே விழற பஞ்சை நனையாமப் பொறுக்கி வை. கூட்டுக்குள்ளே மெத்தைக்கு வேணும். அது போதும்."

மேல் கிளையிலிருந்து கரிச்சான் சிரித்தான். "எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டிட்டே தங்கச்சி. நாளைக்கு நானே போய் ஒரு புழுவுக்குத் தைச்சுத் தரேன்னு சொன்னா, உன்கிட்டே யார் வருவாங்க?"

"தாராளமாச் சொல்லுங்க அண்ணே. தையல் உங்களுக்கும்தான். ஆனா நீங்க போட்ட கூரை ஒழுகினா நீங்கதான் போய் நிக்கணும்."

கரிச்சான் சொன்னபடியே செய்தான். முதல் வாரம் ஏழெட்டுப் பேர் அவனிடம் போனார்கள். நூலாயியின் கூட்டில் மறுபடி இரை மெலிந்தது. தும்பன் கவலையோடு அவளைப் பார்த்தான். அவள் வேலையைப் பார்த்தாள். கடம்பி அனுப்பிய புழு மட்டும் தினம் தவறாமல் வந்தது. அதை வைத்து அந்த வாரத்தை ஓட்டினார்கள்.

அடுத்த மழையில் கரிச்சான் போட்ட கூரைகள் ஒழுகின. அவன் அலகு பறக்கிற பூச்சியைப் பிடிக்க வளைந்த அலகு. துளை பெரிதாக விழுந்துவிட்டது. கூப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் அவனால் போய் நிற்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் அவனே நூலாயியின் கூட்டருகே வந்து உட்கார்ந்தான்.

"எனக்குத் தைக்க வராது போல," என்றான்.

நூலாயி குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த இரையில் ஒரு புழுவை அவனுக்கும் நீட்டினாள். "தைக்க வராட்டா என்ன? உங்க குரல் ஏரிக்கு அக்கரை வரைக்கும் கேக்குது. உச்சிக் கிளையிலே உட்கார்ந்து மேகத்தைப் பார்த்து, 'சுருக்கை இழுங்க'ன்னு முன்கூட்டியே கூவுங்களேன். மேகம் பாக்கக் கடம்பி ஆள் தேடிக்கிட்டு இருக்கா."

கரிச்சான் புழுவை விழுங்கிவிட்டு யோசித்தான். மறுநாள் முதல் மேகம் கறுத்தபோது காடு முழுக்க அவன் குரல் கேட்டது. சில சமயம் சும்மாவும் கூவினான். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? ஆனால் மழை வரும்போது ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சிலர் வேலையை வாங்கிக்கொண்டு மறந்து போனார்கள். சில நாள் இரை குறைந்தது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் யாராவது ஒருவர் வந்து, "நூலாயி, சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள்.

கார்த்திகை மாதத்து இளவெயிலில் குஞ்சுகள் மூன்றும் கூட்டை விட்டு வெளியே வந்தன. பெரியது இரண்டும் உடனே பறந்தன. கடைசிக் குஞ்சு கிளை நுனியில் நடுங்கிக்கொண்டு நின்றது. கீழே மருத மரத்தடியில் சாம்பலியின் குட்டிகள் இரண்டும் அண்ணாந்து பார்த்தன. வரியன் இலை தைப்பதை நிறுத்தினான். தும்பன் எதிர்க் கிளையிலிருந்து மெல்லக் கூப்பிட்டான். குஞ்சு சிறகை விரித்தது, தடுமாறியது, விழப் பார்த்தது, பிறகு காற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. நூலாயி இருந்த இடத்தை விட்டு அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குழந்தைகளே, பெரியவர்களே, கற்ற வித்தையைப் பூட்டி வைத்தால் அது யாருக்கும் உதவாமல் இறுகிப் போகும், கற்றுத் தந்தவரின் பசியை மறந்தால் அந்த வித்தையே அற்றுப் போகும். ஆகவே அறிவை எல்லோருக்கும் திறந்து கொடுங்கள், உழைப்புக்கு உரியதைக் கேட்கவும் கொடுக்கவும் கூசாதீர்கள்.